அகற்றப்பட்டது, சரி. அகற்றியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஏரிக்கரை வீடுகளை இடித்த செய்தி வந்திருந்தது. 'ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்புகள் அகற்றம். அதிகாரிகள் அதிரடி' என்று தலைப்பு. நான்கு பத்திச் செய்தி. படித்து முடித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் போய்விட்டது, ஏனென்றால் அந்த நான்கில் இரண்டரைப் பத்தி என்னைப் போன்ற ஒரு ஆள் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது. எங்கள் ஆள் எழுதிக் கொடுத்ததை உங்கள் நிருபர் வார்த்தை மாறாமல் அனுப்பியிருக்கிறார், நீங்களும் அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் குறிப்பு எழுதியும், அறிவிப்பு எழுதியும், மனுக்களுக்குப் பதில் எழுதியும் பிழைத்தவன். அந்த மொழி எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன், அதுவும் என் தங்கை மகள் அரசியல் அறிவியல் முதுகலை ஆய்வேட்டுக்காகப் பழைய அரசு அறிவிப்புகள் கிடைக்குமா மாமா என்று கேட்டு வந்தபோதுதான். சொல்லாடல் பகுப்பாய்வு என்று அந்த முறைக்குப் பெயராம். சிலர் கருத்தாடல் என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இது நமக்கான சரக்கு இல்லை என்று ஒதுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

விஷயம் எளிமையானதுதான். அரசியல்வாதியோ அரசாங்கமோ சொல்வது உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்காமல், எந்தச் சொல்லில் சொல்கிறார்கள், அந்த இடத்தில் வேறு எந்தச் சொல் வந்திருக்கலாம், வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று, யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் எண்ணாக இருக்கிறார்கள் என்று பார்ப்பது. இங்கிலாந்தில் டோனி பிளேரின் கட்சி பேசிய மொழியை நார்மன் ஃபேர்கிளஃப் என்ற பேராசிரியர் இப்படிப் பிரித்து மேய்ந்திருக்கிறார். மதுரைப் பக்கம் நம் கட்சிக் கூட்டங்களின் மேடைத் தமிழை பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் வந்து உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் செய்தித் தலைப்பையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் 'புறம்போக்கு'. இன்று தெருவில் ஒருவனை அந்தச் சொல்லால் அழைத்தால் சட்டையைப் பிடிப்பான். எங்கள் கணக்கில் அது நிலத்தின் ஒரு வகை, அவ்வளவுதான். தீர்வை விதிக்காத நிலம், வரிக்குப் புறம்பான நிலம். அதில் என்னென்ன அடக்கம் என்று பாருங்கள்: ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், மந்தை, களம், சுடுகாடு, பாதை. ஒரு ஊர் உயிரோடு இருக்கத் தேவையான அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. காசு வராத நிலத்துக்கு ராஜாங்கக் கணக்கு வைத்த பெயர் காலப்போக்கில் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற வசவாகிவிட்டது. வரி வசூலிப்பவனின் கண்ணால் நிலத்தைப் பார்க்க ஊரே பழகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்து 'ஆக்கிரமிப்பு'. 1905-ல் வெள்ளைக்காரன் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, 6-ஆம் பிரிவில் வெளியேற்றம். நீர்நிலைகளுக்கு என்று 2007-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆக்கிரமிப்பு என்று பதிந்து அபராதம் விதிக்கும் தாளை பி மெமோ என்று கிராமத்தில் சொல்வார்களே, அதை நான் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். பி மெமோ வாங்கி வாங்கி அபராதம் கட்டின ரசீதைப் பட்டா மாதிரி டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், அது வேறு கதை. ஒருமுறை ஒரு ஏரிக்கரையில் அறிவிப்பை வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, அதில் என்ன சாமி எழுதியிருக்கு என்று கேட்டார். படித்துச் சொன்னேன். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல் அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும், "நாங்க யாரை சாமி போய்ப் புடிச்சோம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிய எனக்கே அந்தச் சொல்லும் அந்தப் பாட்டியும் ஒட்டவில்லை. ஆக்கிரமிப்பு என்றால் படையெடுத்து வந்து பிடிப்பது என்றுதான் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். சென்னை தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கின இடம். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பக்கத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. இதற்கெல்லாம் 'நகர விரிவாக்கம்', 'வளர்ச்சி' என்று பெயர். ஏரியில் அரசாங்கம் வீட்டுமனை போட்டால் அது விரிவாக்கம், ஏழை குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு. ஏரியில் வீடு கட்டுவது சரி என்று நான் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏரி காணாமல் போன குற்றத்துக்கு யார் பெயரை எழுதுகிறோம் என்பதை அந்த ஒரு சொல்லே முடிவு செய்துவிடுகிறது, விசாரணைக்கு முன்பே. ஆஸ்திரேலியாவில் கரோல் பாக்கி என்ற அறிஞர் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறாராம். ஒரு கொள்கையைக் கையில் எடுத்தால், இது எதைப் பிரச்சினை என்று காட்டுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று கேட்க வேண்டும் என்கிறார். ஏரிக்கரை வீடுகள் விஷயத்தில் பிரச்சினை 'ஆக்கிரமிப்பாளர்' என்று காட்டியாயிற்று. கூலி வேலை கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கூலிக்கு வாடகை வீடு ஒன்றுகூட இல்லை என்பது பிரச்சினையின் பட்டியலிலேயே வரவில்லை. அதனால்தான் தீர்வும் சென்னையில் வீடிழந்தவர்களைக் குடியமர்த்தும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே போய் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையை என் தங்கை மகளான மருமகளுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு. 1970-ல் தொடங்கிய வாரியத்துக்குத் தமிழில் 'குடிசை மாற்று வாரியம்' என்று பெயர். ஆங்கிலப் பெயரில் 'மாற்று' இருக்காது. அங்கே இருந்தது கிளியரன்ஸ், அதாவது துடைத்து அகற்றுவது. ஒரே கட்டடம், ஒரே பெயர்ப் பலகை, மேல் வரியில் ஒரு நோக்கம், கீழ் வரியில் இன்னொரு நோக்கம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அந்த வாரியத்தின் முழக்கம். கோப்புகளில் எந்தப் பெயர் வென்றது என்பதை வாரியத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றினார்கள். குடிசையும் போயிற்று, மாற்றும் போயிற்று.

அப்புறம் 'அகற்றம்'. இதுதான் என் சொந்தத் தொழில், இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அலுவலகத் தமிழில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படும். மனு பரிசீலிக்கப்படும், கள ஆய்வு மேற்கொள்ளப்படும், உரிய நடவடிக்கை எடுக்கப்படும், நிராகரிக்கப்பட்ட விவரம் தெரிவித்துக்கொள்ளப்படலாகிறது. இந்தக் கடைசிச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெரிவிப்பவர் யார் என்று தேடிப் போனால் 'கொள்' வழியாக நுழைந்து 'படு' வழியாகப் புரண்டு 'லாகிறது' வழியாக வெளியே வந்துவிடுவீர்கள், ஆள் மட்டும் அகப்பட மாட்டார். வீட்டில் யாராவது 'சோறு சமைக்கப்பட்டுவிட்டது' என்று பேசுகிறார்களா? இந்த நடை ஆங்கிலேய நிர்வாகத்தின் கடித நடையிலிருந்து வந்தது. 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்ட பிறகு சொற்கள் தமிழாயின, வாக்கியம் பழைய ஆங்கில அதிகாரியின் வாக்கியமாகவே நின்றுவிட்டது.

மருமகள் இதை அதிகாரம் தன்னை ஒளித்துக்கொள்ளும் உத்தி என்று எழுதினாள். நான் பாதிதான் ஒப்புக்கொண்டேன். எழுதுகிற குமாஸ்தா பெரும்பாலும் பயத்தில்தான் அப்படி எழுதுகிறான். 'நான் நிராகரித்தேன்' என்று எழுதினால் நாளைக்கு நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவன் அவன்தான். தணிக்கையில் மாட்டுவதும் அவன்தான். படு விகுதி எங்களுக்குக் குடை மாதிரி. ஆனால் அவள் திருப்பிக் கேட்டாள்: "மாமா, குடைக்குக் கீழே நீங்க நிக்கிறீங்க, சரி. மழை யார் மேல பெய்யுது?" அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

மழை பெய்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். நான் இப்போது எழுதிய வாக்கியத்தில் 'போலீஸ் சுட்டது' என்று இருக்கிறது. அன்றைக்கும் மறுநாளும் நாம் படித்தது பெரும்பாலும் 'துப்பாக்கிச் சூட்டில் பலி' என்றுதான். துப்பாக்கி தானாகவே வெடித்தது போல. சுடச் சொன்னது யார் என்று ஊரே கேட்டபோது வழக்குப் பதிவில் வந்து நின்றது துணை வட்டாட்சியர்கள் சிலரின் பெயர்கள். நான் இருந்த அதே பதவி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செயப்பாட்டு வினைக்குப் பின்னால் பெரிய கைகள் எல்லாம் மறைந்துவிட, எழுவாயாக நிற்க வைக்கப்பட்டவர்கள் வரிசையின் கடைசியில் இருந்தவர்கள். அந்தச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டமன்றத்துக்கு வந்து, போலீஸ் அதிகாரிகளையும் அப்போதைய மாவட்ட ஆட்சியரையும் பொறுப்பாளிகளாகச் சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது. ஒரு வாக்கியத்தின் எழுவாயைக் கண்டுபிடிக்க நான்கு வருடம்!

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 1975-ல் ரொடீசியாவின் சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றது. லண்டன் பத்திரிகைகளில் முதல் நாள் 'போலீஸ் சுட்டது' என்று இருந்த செய்தி அடுத்தடுத்த நாட்களில் எப்படி நழுவி 'கலவரத்தில் சாவு' என்று ஆனது என்பதை டோனி ட்ரூ என்பவர் வரி வரியாகக் காட்டினார். இந்தத் துறையின் ஆரம்ப கால ஆய்வுகளில் அது ஒன்று. மருமகளின் குறிப்புகளில் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, அந்தப் பத்திரிகைகளில் யாரும் உட்கார்ந்து சதி செய்திருக்க மாட்டார்கள், கையில் வந்த அறிக்கையைச் சுருக்கியிருப்பார்கள். உங்கள் அலுவலகத்திலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அரசியல் மேடைக்கு வந்தால் கதை வேறு, அங்கே சொல்லுக்குச் சொல் போட்டி. 1967 தேர்தலில் தி.மு.க.வினர் ரூபாய்க்கு அரிசி 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார்கள். 2006-ல் 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011-ல் ஜெயலலிதா அரசு அந்த இலவசத்தை எடுத்துவிட்டு 'விலையில்லா' என்று போட்டது, விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி, விலையில்லா ஆடு மாடு வரை. அலுவலகத்தில் நாங்கள் முதலில் சிரித்தோம், இரண்டும் ஒன்றுதானே என்று. அப்புறம் பார்த்தால் சின்ன வித்தியாசம் இருந்தது: இலவசம் என்றால் வாங்குகிறவர் கை தாழ்ந்திருக்கிறது, விலையில்லா என்றால் பொருளைப் பற்றித்தான் பேச்சு, வாங்குகிறவரைப் பற்றி இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தொலைக்காட்சி, மிக்சி வழக்கில் தேர்தல் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது, ஆனால் தேர்தலின் நேர்மையை இவை அசைக்கின்றன என்றும் சொல்லி வைத்தது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி 'ரேவ்டி' கலாச்சாரம் என்றார். ரேவ்டி என்பது வடக்கே எள்ளும் வெல்லமும் போட்டுச் செய்யும் மிட்டாய். ஒரே ஒரு சொல்லில் அரிசியும் பஸ் பயணமும் மிட்டாய் ஆகிவிட்டன, வாங்கியவர்கள் குழந்தைகள் ஆகிவிட்டார்கள். அதே நேரம் பெரிய கம்பெனிகளுக்குத் தரும் வரிச் சலுகைக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர். அதை யாரும் மிட்டாய் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சொல்லை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் கெட்டுவிடும் என்பதற்கு மகளிர் பேருந்துதான் உதாரணம். 2021 மே மாதம் 'கட்டணமில்லாப் பயணம்' என்று தொடங்கினார்கள், அப்புறம் 'விடியல் பயணம்' என்று அழகான பெயர். 2022 செப்டம்பரில் ஒரு அமைச்சர் மேடையில் 'ஓசி' என்று சொல்லிவிட்டார். கோவையில் ஒரு மூதாட்டி ஓசிப் பயணம் வேண்டாம், டிக்கெட் கொடு என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அது நிஜமா ஏற்பாடா என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. எனக்கு அது முக்கியமில்லை. திட்டத்தின் விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பஸ் அதே பஸ், ஆனால் அந்த வாரம் பஸ்ஸில் ஏறின எத்தனையோ பெண்களின் முகம் மாறியிருந்தது. ஒரு சொல் ஆட்சியின் பகுதி இல்லை, வெறும் பேச்சு என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

மகளிர் உரிமைத் தொகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'உதவி' என்று இல்லாமல் 'உரிமை' என்று பெயர் வைத்தது நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன், வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஒரு அரசாங்கம் சொன்னதே பெரிய விஷயம். ஆனால் 2023 பட்ஜெட்டில் முன்னால் ஒரு சொல் வந்து உட்கார்ந்தது: 'தகுதி வாய்ந்த'. 5 ஏக்கர் நன்செய், 10 ஏக்கர் புன்செய், வருடம் 3,600 யூனிட் மின்சாரம், வருமானம் இரண்டரை லட்சம் என்று வரம்புகள் வந்தன. 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பேருக்கு முதலில் கிடைத்தது. வரம்பு தேவைதான், பணம் வானத்திலிருந்து வராது. ஆனால் உரிமை என்றால் எல்லாருக்கும், தகுதி என்றால் சிலருக்கு. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால், கிடைக்காத பெண்ணுக்கு என்ன சேதி போகிறது? எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் ஒரு பெண்மணி செல்போனில் வந்த குறுஞ்செய்தியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். மேல்முறையீடு கோட்டாட்சியரிடம் செய்யலாம் என்று எல்லாம் விளக்கினேன். அவர் கேட்டது அதை இல்லை. "எனக்குத் தகுதி இல்லைன்னு போட்டிருக்காங்களே சார்" என்றார். பணம் இல்லை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார்.

சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்ற கட்சியில் நான் இல்லை. ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி என்று ஆக்கினோம், நல்லது, ஆனால் நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் அவர்களுக்கான பிரிவு மாடியில்தான் இருந்தது, சாய்தளம் கிடையாது. 2021-ல் மத்திய அரசா ஒன்றிய அரசா என்று சண்டை, 2023 ஜனவரியில் தமிழகமா தமிழ்நாடா என்று ஆளுநர் கிளப்பிய சண்டை. 1967-ல் தீர்மானம் போட்டு 1969-ல் நடைமுறைக்கு வந்த பெயர், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை, என் ஓட்டும் தமிழ்நாட்டுக்குத்தான். ஆனால் இந்தப் பெரிய சொற்களுக்கு ஆளாளுக்குக் காவல் நிற்கிறார்கள். தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கும் சின்னச் சொற்களுக்கு ஒரு ஆளும் இல்லை. மருமகள்களும் மருமகன்களும் ஆய்வேடு எழுதினால் மூன்று பேராசிரியர்கள் படிப்பார்கள். நீங்கள் எழுதினால் டீக்கடையில் படிப்பார்கள்.

அதனால் கேட்பது இதுதான். அரசாங்கம் தருகிற செய்திக் குறிப்பை அரசாங்கத்தின் சொல்லாகவே போடுங்கள், 'என்று வருவாய்த் துறை கூறுகிறது' என்று. உங்கள் சொந்தக் குரலில் 'ஆக்கிரமிப்பு' என்று போடாதீர்கள். 'மீட்பு' என்ற சொல்லை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்கும், ஒரு குடும்பத்தை வெளியேற்றி எடுத்த இரண்டு சென்ட் நிலத்துக்கும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். 'அதிரடி' வேண்டவே வேண்டாம். பொக்லைனுக்கு முன்னால் நின்று பார்த்தவன் சொல்கிறேன், அங்கே அதிரடி எதுவும் இல்லை, பாத்திரங்கள் விழுகிற சத்தம்தான்.

உங்கள் செய்தியை அதே தகவல்களோடு நானே திருப்பி எழுதிப் பார்த்தேன்:

'ஏரிக்கரையில் குடியிருந்தவர்களின் வீடுகளை வட்டாட்சியர் தலைமையில் வருவாய்த் துறையினர் நேற்று பொக்லைன் வைத்து இடித்தனர். அவை ஏரிப் புறம்போக்கு நிலத்தில் கட்டப்பட்டவை என்று துறை கூறுகிறது. வீட்டை இழந்தவர்கள் எங்கே தங்குவார்கள் என்று அதிகாரிகள் சொல்லவில்லை.'

கடைசி வரி உங்கள் செய்தியில் இல்லை, நானாகச் சேர்க்கவும் இல்லை. உங்கள் செய்தி முழுக்கத் தேடியும் அந்தத் தகவல் கிடைக்காததால் எழுதினேன்.

கடிதம் நீளமாகப் போய்விட்டது. வெட்டுவீர்கள் என்று தெரியும், இடம் இல்லை என்றால் மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு அந்த மூன்று வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்